வன்னிப் புழுதிக்கும் கல்சியத் தண்ணிக்கும் கார் கழுவ எந்தச் சவுக்காரம் சரி?

ஏ9 றோட்டில மட்டும் ஓடுற காருக்கு அவ்வளவு பிரச்சினை இல்லை, ஆனா அதை விட்டு உள்ளுக்க இறங்கி ஒரு கிரவல் றோட்டில நாலு கட்டை ஓடினா, ஆடி ஆவணி மாசம் எண்டா வெள்ளைக் காரும் செம்மண் நிறத்தில தான் வீடு வரும். அதைக் கழுவ எங்கட ஆக்கள் எடுக்கிற சாமானைப் பாத்தா கிணத்துக்கட்டில கிடக்கிற சன்லைட் கட்டி, இல்லாட்டி உடுப்புத் தோய்க்கிற தூள், இல்லாட்டி குசினியில இருக்கிற பாத்திரம் கழுவுற லிக்குயிட். மூண்டும் ஊத்தையை எடுக்கும், அதில பொய் இல்லை. ஆனா மூண்டும் காருக்கெண்டு செய்த சாமான் இல்லை. ஏன் எண்டும், அப்ப எதை வாங்கிறது எப்பிடிப் பாவிக்கிறது எண்டும் எழுதினா வன்னிப் பக்கம் கார், வான், ஆட்டோ வச்சிருக்கிற ஆக்களுக்கு உதவும் எண்டு தான் இதை எழுதுறன்.

முதல்ல ஒண்டை விளங்கிக்கொள்ளுங்கோ. காரின்ர நிறத்துக்கு மேல நிறமில்லாத ஒரு பூச்சு இருக்கு, கிளியர்கோட் எண்டு சொல்லுறது. அது பொதுவா 40, 50 மைக்ரோன் தடிப்புத் தான், தலைமயிரை விட மெல்லிசு. அதுக்கு மேல நீங்கள் காசு குடுத்து வாக்ஸ் எண்ட மெழுகுப் பூச்சுப் போட்டிருந்தா அது இன்னும் மெல்லிசு. எங்கட கிரவல் புழுதிக்குள்ள மண் மட்டும் இல்லை, நல்ல கூரான மணலும் கிடக்கு, அந்த மணல் கிளியர்கோட்டை விட வைரம். துணியை வச்சு அமத்தி உரஞ்சினா அந்த மணலை நீங்களே பெயின்ற்றில இழுக்கிறியள். கறுப்பு, கடும் நீலக் கார்களை வெயிலில விட்டுப் பாத்தா வட்டம் வட்டமா மெல்லிய கீறல் தெரியும், அது றோட்டில வந்த கீறல் இல்லை, முக்கால்வாசி கழுவேக்க வந்தது தான்.

அதால கார் கழுவுற சாமானுக்கு முதல் வேலை வழுக்கிறது. மணலைச் சுத்திப் பிடிச்சு, பெயின்ற்றில உரசாமல் தண்ணியோட வழுக்கி இறங்க விடுறது. ஊத்தையைக் கரைக்கிறது ரெண்டாவது. நுரை கனக்க வாறதைப் பாத்து நல்ல சாமான் எண்டு நம்பாதேங்கோ, நுரை வாறதும் வழுக்கிறதும் வேற வேற. கையில ரெண்டு சொட்டு எடுத்துத் தண்ணியோட விரலால தேய்ச்சுப் பாருங்கோ, விரல் ரெண்டும் ஒட்டாமல் வழுவழுப்பா ஓடோணும்.

இப்ப அந்த மூண்டு சாமானுக்கும் வருவம். கட்டிச் சவுக்காரம் எண்டுறது எண்ணெயையும் காரத்தையும் சேத்துச் செய்யிறது, பிஎச் (புளிப்பு, காரத்தை அளக்கிற அளவு, 7 நடு) 9, 10 எண்டு காரப் பக்கம் நிக்கும். அதை விடப் பெரிய பிரச்சினை எங்கட தண்ணியோட வருது. கல்சியம் மக்னீசியம் உள்ள தண்ணியில இந்தச் சவுக்காரம் பட்டா ரெண்டும் சேந்து தண்ணியில கரையாத வெள்ளைக் கசடா மாறும், குளிக்கிற வாளியின்ர உள்பக்கம் ஒட்டியிருக்குமே அது தான். கார்க் கண்ணாடியிலயும் கதவு இடுக்கிலயும் றப்பர் ஓரத்திலயும் அது போய் ஒட்டினா எடுக்கிறது பெரிய வேலை. உடுப்புத் தோய்க்கிற தூள் இன்னும் மோசம், அதுக்குள்ள சோடா இருக்கிறதால காரம் கூட, வாக்ஸை எடுக்கும், றப்பரையும் கறுப்பு பிளாஸ்டிக்கையும் காலப்போக்கில வெளிற வைக்கும், வடிவாக் கரையாத தூள் துணியில நிண்டா அதுவும் உரஞ்சும்.

பாத்திரம் கழுவுற லிக்குயிட்டைப் பற்றி ஆக்கள் ரெண்டு விதமாச் சொல்லுவினம். என்ர அபிப்பிராயம், அது விஷம் இல்லை, ஒருக்காப் போட்டதால கார் பழுதாகாது, கன லிக்குயிட்டுகள் காரமும் இல்லை. ஆனா அது சட்டியில ஒட்டின எண்ணெயை எடுக்கச் செய்தது, வாக்ஸும் அதுக்கு எண்ணெய் மாதிரித் தான், ஒவ்வொருக்காலும் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கொண்டு போகும். பழைய வாக்ஸை முழுக்க எடுத்திட்டுப் புதுசாப் போடப் போறியள் எண்டா அண்டைக்கு மட்டும் அது நல்ல சாமான். கிழமைக் கிழமை கழுவுறதுக்கு வேண்டாம். தலைக்கு வைக்கிற பைக்கற் ஷாம்பூவும் கொஞ்சப் பேர் பாவிக்கினம், வேற ஒண்டும் இல்லாத நேரத்தில சோப் தூளை விட அது பறவாயில்லை, ஆனா அதுக்குள்ள மயிரை மெதுவாக்கிற சாமான்கள் இருக்கிறதால முன்கண்ணாடியில ஒரு படை விடும், இரவு எதிர் வாகன வெளிச்சம் படேக்க மங்கலாத் தெரியும், அது ஆபத்து.

யுத்த நேரப் பொருளாதாரத் தடைக் காலத்தில சவுக்காரம் கிடைக்காமல் பனம்பழக் களியில உடுப்புத் தோய்ச்ச சனம் நாங்கள். இப்ப காருக்கெண்டு தனிச் சவுக்காரமோ எண்டு வீட்டில பெரியாக்கள் கேப்பினம், அவையின்ர கேள்வி நியாயம். அதுக்குக் கணக்குக் காட்டிச் சொல்லுங்கோ. ஒரு 500 மில்லி கார் ஷாம்பூ, ஒருக்காக் கழுவ 25 மில்லி எண்டா 20 தரத்துக்கு வரும், ரெண்டு கிழமைக்கு ஒருக்காக் கழுவினா ஒன்பது மாசம். மங்கிப்போன பெயின்ற்றைக் கட்டிங் பொலிஷ் அடிச்சு எடுக்கக் கேக்கிற காசோட பாத்தா இது பெரிய செலவே இல்லை, அதோட பொலிஷ் அடிக்கிறது எண்டா கிளியர்கோட்டில கொஞ்சத்தைத் தேய்ச்சு எடுக்கிறது, எத்தனை தரமும் செய்யலாம் எண்டு இல்லை.

வாங்கேக்க லேபிளில பிஎச் நியூட்ரல் எண்டு போட்டிருக்கோ எண்டு பாருங்கோ, 7 சுத்தி இருக்கிறது தான் சாதாரணக் கழுவலுக்குச் சரி. வாஷ் அன்ட் வாக்ஸ் எண்டு ஒரு வகை வருது, கழுவேக்கயே மெல்லிசா வாக்ஸ் விடும், தனிய வாக்ஸ் போட நேரம் இல்லாதவைக்கு நல்லம், ஆனா அது உண்மையான வாக்ஸ் பூச்சுக்கு ஈடில்லை. ஸ்னோ ஃபோம் எண்டு வாறது முன்கழுவலுக்கு, அடிச்சு ஊற விட்டுப் புழுதியை இளக்கிறதுக்கு, அதை மட்டும் அடிச்சிட்டு வேலை முடிஞ்சுது எண்டு நினைக்கக் கூடாது. டிகிரீசர், ஓல் பேர்ப்பஸ் கிளீனர் எண்டு போட்டிருந்தா அது எஞ்சினுக்கும் கீழ்ப் பக்கத்துக்கும், பெயின்ற்றுக்கு இல்லை.

பிரச்சினை என்னெண்டா எங்கட பக்கம் கனக்க இடத்தில பெரிய கானில வாறதைப் பழைய தண்ணிப் போத்தலில ஊத்தி லேபிள் இல்லாமல் விப்பினம், ஊதா, றோஸ், பச்சை எண்டு நிறம் மட்டும் தான் தெரியும். அதுக்கு வீட்டிலயே ஒரு சோதனை இருக்கு. மஞ்சள் தூள் கொஞ்சத்தைத் தண்ணியில குழைச்சு ஒரு வெள்ளைத் தாளில பூசிக் காய விடுங்கோ. அதில ஒரு மூலையில வெறும் கிணத்துத் தண்ணி ஒரு சொட்டு, மற்ற மூலையில சவுக்காரக் கட்டியைக் கரைச்ச தண்ணி ஒரு சொட்டு, நடுவில நீங்கள் வாங்கின ஷாம்பூவைத் தண்ணியில கலந்து ஒரு சொட்டு விடுங்கோ. சவுக்காரம் பட்ட இடம் உடனை செங்காவி நிறத்துக்கு மாறும், வெள்ளைச் சேட்டில குழம்புக் கறைக்குச் சவுக்காரம் போட்டாச் சிவக்கிறது இதே காரணத்தால தான். நடுவில விட்ட சொட்டு மஞ்சளாவே நிண்டா கடும் காரம் இல்லை எண்டு அர்த்தம். அதுவும் சவுக்காரம் மாதிரிச் சிவந்தா அந்தப் போத்தலை ரயருக்கும் மட்கார்ட் உள்பக்கத்துக்கும் வச்சிருங்கோ. வெறும் தண்ணிச் சொட்டே கொஞ்சம் நிறம் மாறினா உங்கட கிணத்துத் தண்ணியிலயே காரம் இருக்கு, அதோட ஒப்பிட்டுத் தான் மற்றதைப் பாக்கோணும். இந்தச் சோதனை காரத்தை மட்டும் தான் காட்டும், வழுக்குதோ இல்லையோ எண்டு காட்டாது, அதுக்கு முன்னம் சொன்ன விரல் சோதனை.

தண்ணியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாச் சொல்லோணும், ஏனெண்டா எங்கட பக்கம் சவுக்காரத்தை விட இது தான் காரைக் கெடுக்கிறது. பூநகரி, முழங்காவில், மன்னார்ப் பக்கம் கீழ சுண்ணாம்புக் கல், வவுனியா கிளிநொச்சியிலயும் கன கிணறுகளில கேத்தில் அடியில வெள்ளையாப் படியுற தண்ணி. ஒரு வெறும் போத்தலில அரைவாசி கிணத்துத் தண்ணி எடுத்து, சவுக்காரக் கட்டியில கொஞ்சம் சீவிப் போட்டு நல்லாக் குலுக்குங்கோ. நுரை வராமல் பால் மாதிரிக் கலங்கி மேல தயிர்க் கசடு மிதந்தா உங்கட தண்ணி கடுமையானது. இப்பிடித் தண்ணி உள்ளவை கார் ஷாம்பூவையும் கொஞ்சம் கூடப் போட வேண்டி வரும், ஆனா ரெண்டு மடங்கு மூண்டு மடங்கு எண்டு போடாதேங்கோ, கழுவி எடுக்கத் தண்ணி கனக்கப் போகும், வெயில் காலத்தில கிணறு அடி தெரியிற நேரத்தில அது பெரிய வீண்.

இந்தத் தண்ணி பெயின்ற்றில காஞ்சா வெள்ளைப் பொட்டு நிக்கும், அது துடைச்சாப் போகாது. அதால கழுவி முடிச்சுக் காத்தில காய விடுற பழக்கத்தை விடுங்கோ. ஐப்பசிக்குப் பிறகு மாரி மழை தொடங்கினா கூரைத் தண்ணியைப் பீப்பாவில பிடிச்சு வச்சு, முதல் மழைத் தண்ணியை விட்டிட்டுப் பிறகு வாறதைப் பிடிச்சா, கடைசிக் கழுவலுக்கு அதை விடத் திறம் ஒண்டும் இல்லை, மழைத் தண்ணியில கல்சியம் இல்லை எண்டே சொல்லலாம். மற்றக் காலத்தில குடிக்கிறதுக்கு மெஷினில வடிகட்டி எடுக்கிற ஆர்ஓ தண்ணியில ஒரு அரை வாளி கடைசியா ஊத்தினாலும் காணும். ஆனா ஒண்டு, ஆர்ஓ மெஷினில இருந்து கழிவா வெளிய விடுற தண்ணியைச் சும்மா கிடைக்குது எண்டு கார் கழுவ எடுக்காதேங்கோ, வடிகட்டி எடுத்த உப்பு எல்லாம் அதுக்குள்ள தான் நிக்குது, கிணத்துத் தண்ணியை விட அது கடுமை.

சரி, கழுவுற விதம். விடியக்காலமை இல்லாட்டி பின்னேரம் நாலரை அஞ்சுக்குப் பிறகு, மர நிழலில. வேம்பு நல்லம், நாவல் மரத்துக்குக் கீழ பழக் காலத்தில விடாதேங்கோ. பொனற்றில உள்ளங்கையை வச்சுப் பாருங்கோ, சுட்டா இன்னும் பொறுங்கோ, சூட்டில ஷாம்பூ தண்ணி எல்லாம் கழுவ முன்னமே காஞ்சு படிஞ்சிரும். முதல்ல ரயரும் றிம்மும், அதுக்கு வேற வாளி, வேற பிறஷ். பிறேக் தூள் இரும்புத் துகள், அந்தத் துணி பெயின்ற் பக்கம் வரவே கூடாது. றிம் கழுவ அசிட் வாங்கி அடிக்கிற ஆக்கள் இருக்கினம், அலோய் றிம்மின்ர பூச்சை அது தின்னும், சில றிம் கிளீனரில இருக்கிற அசிட் தோலுக்கால உள்ளுக்க போய் எலும்பையும் தாக்கும், சின்னப் பிள்ளையள் ஓடித் திரியிற முத்தத்தில அது வேண்டாத வேலை, கார் ஷாம்பூவும் பிறஷும் காணும்.

பிறகு முழுக் காருக்கும் வெறும் தண்ணி. இதில தான் நேரம் செலவழிக்கோணும், சவுக்காரம் போட முன்னம் எவ்வளவு மணல் தண்ணியோட இறங்குதோ அவ்வளவு கீறல் மிச்சம். ஹோஸ் இல்லாட்டி வாளியும் கோப்பையும் காணும், மேல இருந்து கீழ, தொடாமல், துடைக்காமல், ஊத்திக்கொண்டே வாங்கோ. கிரவல் நல்லாப் பிடிச்சிருந்தா சின்ன ஹான்ட் ஸ்பிரேயரில ஷாம்பூத் தண்ணி கலந்து அடிச்சு அஞ்சு நிமிசம் ஊற விட்டுத் திரும்பவும் தண்ணி அடியுங்கோ, ஆனா காய விடக் கூடாது. வயலுக்கு மருந்தடிக்கிற தாங்கியை இதுக்கு எடுக்காதேங்கோ, எவ்வளவு கழுவினாலும் களைநாசினி மிச்சம் நிக்கும், உங்கட கையிலயும் பிள்ளையள் பிடிக்கிற கதவுப் பிடியிலயும் அது தான் படும்.

ரெண்டு வாளி எடுங்கோ, ஒண்டில ஷாம்பூத் தண்ணி, மற்றதில வெறும் தண்ணி. 10 லீற்றருக்கு 20, 30 மில்லி எண்டு கன லேபிளில போட்டிருக்கும், உங்கட போத்தலில என்ன போட்டிருக்கோ அதைப் பாருங்கோ. வாளிக்குள்ள முதல்ல ஷாம்பூ, பிறகு தண்ணியை வேகமா விடுங்கோ. மைக்ரோஃபைபர் கையுறையோ தடிச்ச மைக்ரோஃபைபர் துணியோ, ஷாம்பூத் தண்ணியில தோய்ச்சு கூரையில தொடங்கி நேர்க்கோட்டில, அமத்தாமல் துணியின்ர பாரத்திலயே இழுங்கோ, வட்டமாச் சுத்தாதேங்கோ. ஒரு கதவு முடிய வெறும் தண்ணி வாளியில துணியை நல்லா அலம்பி, பிழிஞ்சு, பிறகு தான் ஷாம்பூ வாளிக்குள்ள விடுறது. பாதி வேலையில அந்த வெறும் தண்ணி வாளியின்ர அடியைக் கையால தடவிப் பாருங்கோ, சிவப்பு மணல் விரலில நறநறக்கும், ஒரு வாளியோட கழுவியிருந்தா அவ்வளவும் திரும்பப் பெயின்ற்றுக்குத் தான் போயிருக்கும். தும்பும் பாத்திரம் உரஞ்சிற பச்சைப் பஞ்சும் காருக்குக் கிட்டவே வர வேண்டாம். துணி நிலத்தில விழுந்தா அண்டைக்கு அந்தத் துணி முடிஞ்சுது, வேற எடுங்கோ. கதவின்ர கீழ்ப் பாதியும் பம்பரும் தான் ஊத்தை கூட, அதைக் கடைசிக்கு விடுங்கோ.

ஒரு பக்கம் முடிய அந்தப் பக்கத்தைக் கழுவி விட்டு மற்றப் பக்கம் போங்கோ, கச்சான் காத்து அடிக்கிற நாளில கெதியாக் காயும். கடைசியா ஹோஸ் நுனியைக் கழட்டிப்போட்டு தண்ணியை மெதுவா ஓட விட்டா அது படையாச் சறுக்கி இறங்கும், பொட்டுக் குறையும். உடனை துடையுங்கோ. நல்லாத் தோய்ச்ச பழைய பருத்திச் சாரத்தாலயும் துடைக்கலாம், தையல் ஓரம் படாமல் மடிச்சுப் பிடிக்கோணும், ஆனா மைக்ரோஃபைபர் துவாய் தான் தண்ணியை உறிஞ்சும், கீறாது.

இரவில வயல் பக்கத்தால வந்தா முன் பம்பர் முழுக்கப் பூச்சி ஒட்டியிருக்கும், காஞ்ச பிறகு உரஞ்சாதேங்கோ, ஷாம்பூத் தண்ணியில தோய்ச்ச துணியைப் பத்து நிமிசம் மேல போட்டு விடுங்கோ, தானா இளகும். காக்கா எச்சமும் அப்பிடித் தான், ஆனா அதை அடுத்த கழுவலுக்கு எண்டு விட்டு வைக்கக் கூடாது, அதில அசிட் இருக்கு, எங்கட வெயிலில ஒரு நாளிலயே கிளியர்கோட்டில தடம் விழும். புது கார்ப்பெற் றோட்டுத் தார் தெறிச்சா தார் றிமூவர், அது இல்லாட்டி துணியில ரெண்டு சொட்டு மண்ணெண்ணெய், றப்பரில படாமல் துடைச்சு எடுத்து உடனை அந்த இடத்தை ஷாம்பூப் போட்டுக் கழுவுங்கோ. பெற்றோல் வேண்டாம், திரும்ப அடிச்ச பெயின்ற்றை இளக்கும், தீப்பிடிக்கிற பயமும் இருக்கு. வெள்ளைத் தண்ணிப் பொட்டுக்குத் தேசிக்காயை வெட்டித் தேய்க்காதேங்கோ, அது கடும் புளிப்பு, வினாகிரியில அதே அளவு தண்ணி கலந்து நிழலில வச்சு ஒரு சின்ன இடத்தில துடைச்சுப் பாத்து, ஒரு நிமிசத்துக்குள்ள கழுவி விடுங்கோ.

முல்லைத்தீவுக் கடற்கரைக்கோ தலைமன்னாருக்கோ போட்டு வந்தா, இல்லாட்டி வாகனத்தில மீன் பெட்டி ஏத்தினா, அது சவுக்காரத்தால போற விசயம் இல்லை. உப்பு வெறும் தண்ணியிலயே கரையும், அண்டைக்கே கீழ்ப் பக்கம், மட்கார்ட் உள்பக்கம், கதவு அடி ஓட்டையள் எல்லாத்துக்கும் தண்ணி அடியுங்கோ, ஷாம்பூ பிறகு பாக்கலாம்.

சர்வீஸ் ஸ்டேஷனுக்குக் குடுக்கிறவை அங்க நிக்கிற தம்பியிட்ட காரின்ர மேல் பெயின்ற்றுக்கு என்ன அடிக்கிறியள் எண்டு கேளுங்கோ, தயங்க வேண்டாம். கன இடத்தில கீழுக்கும் மேலுக்கும் ஒரே கடும் சாமானைத் தான் அடிக்கினம், ஒரே துணி காலையில லான்ட்மாஸ்டர் உழவு மெஷின் துடைச்சு மத்தியானம் உங்கட காருக்கு வரும். உங்கட ஷாம்பூவையும் ரெண்டு துணியையும் கொண்டு போய்க் குடுத்து, தம்பி மேலுக்கு இதைப் பாவியுங்கோ எண்டாக் கோவிக்க மாட்டினம்.

குளத்துக்குள்ளயோ வாய்க்காலுக்குள்ளயோ வாகனத்தை இறக்கிக் கழுவாதேங்கோ. பிஎச் நியூட்ரல் எண்டாலும் மீனுக்கும் தவளைக்கும் அது கூடாது, எஞ்சின் எண்ணெயும் கிறீசும் அதோட போகும், கீழ வாய்க்காலில சனம் குளிக்குது. கிணத்தில இருந்து தள்ளி, தண்ணி நிலத்தில சுவறக்கூடிய புல்லுத் தரையில விட்டுக் கழுவுங்கோ. கழுவி முடிய வாகனத்தை எடுத்து மெதுவா ரெண்டு மூண்டு தரம் பிறேக்கை அமத்திக் காய விட்டிட்டு நிப்பாட்டுங்கோ. மைக்ரோஃபைபர் துணியளை வேற உடுப்போட சேக்காமல் தனியத் தோயுங்கோ, உடுப்பு மெதுவாகப் போடுற கண்டிஷனர் போட்டா தண்ணி உறிஞ்சாது, முள்ளு வேலியில போடாமல் கொடியில காயப்போட்டு ஒரு மூடின பையில வையுங்கோ, புழுதி பிடிச்ச துணியோட அடுத்த முறை தொடங்கக் கூடாது.